பருப்பும் தவணையும்

அன்புள்ள அக்காவுக்கு,

நாலரை வருஷம் டெட் ரிவியூவில் (கடன்களை ஆலோசகர் மூலம் ஒழுங்குபடுத்திக் கட்டும் தென்னாப்பிரிக்கச் சட்ட ஏற்பாடு) இருந்து, போன டிசம்பரோடு கடனைக் கட்டி முடித்துவிட்டோம். மாதாமாதம் 4,850 ரேண்ட் போய்க்கொண்டிருந்தது. அது நின்று ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் கையில் ஒன்றும் தங்கவில்லை. திரும்பவும் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் எல்லாவற்றையும் இறுக்கிக்கொண்டு வருகிறேன். பருப்பைப் பத்துக் கிலோ மூட்டையாக வாங்குவது லாபமா, கிலோ கிலோவாக வாங்குவது லாபமா? மூன்று கடைகளின் தள்ளுபடி நோட்டீஸைப் பார்த்து எது எங்கே மலிவோ அங்கே போய் வாங்குகிறேன். கீசரை மாலையில் ஒரு மணி நேரம்தான் போடுகிறேன். பிள்ளைகளின் வெள்ளிக்கிழமை பன்னி சௌவை (குடைந்த ரொட்டிக்குள் கறி) நிறுத்திவிட்டேன். டிவி சந்தாவையும் நிறுத்தலாமா? கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று நாத்தனார் ஒரு துணிக்கடையில் கடனுக்கு வாங்கும் அக்கவுண்ட் திறக்கச் சொல்கிறார். 2016-ல் எடுத்த ஃபர்னிச்சர் கடன் பாக்கி என்று யாரோ போனில் மிரட்டுகிறார்கள். அது ரிவியூவில் சேர்ந்ததா என்றே நினைவில்லை. வீட்டுக்காரருக்கு ஜேக்கப்ஸில் ஃபேக்டரி வேலை. இரண்டு பிள்ளைகள், ஒரு பழைய கார்.

ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் பன்னி சௌவைத் திருப்பிக் கொடுங்கள். நாலரை வருஷம் பிள்ளைகளும் சேர்ந்துதான் கடன் கட்டியிருக்கிறார்கள். வாரம் ஒரு கால் ரொட்டியும் பீன்ஸ் கறியும் எந்தக் குடும்பத்தையும் கவிழ்த்ததில்லை.

டிவி சந்தா உங்கள் விருப்பம். பார்க்கிறீர்கள் என்றால் வையுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அதற்கு என்னிடம் கேட்க ஒன்றுமில்லை.

மூன்று கடை விஷயத்தில் மட்டும் ஒரு கேள்வி. டாக்சிக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள்? நோட்டீஸில் எண்ணெய் எட்டு ரேண்ட் குறைவு என்று இன்னொரு கடைக்கு வண்டி ஏறினால், போக வர அந்த எட்டு ரேண்ட் போதுமா? அதைவிடப் பெரிய மிச்சம் கூடைக்குள்ளேயே இருக்கிறது. 15 சதவீத வாட் வரி எல்லாப் பொருளுக்கும் கிடையாது. அரிசி, மீலி மீல் (சோள மாவு), காய்ந்த பீன்ஸ், பருப்பு, பிரவுன் ரொட்டி, முட்டை, பால், சமையல் எண்ணெய், பச்சைக் காய்கறி, டின் பில்ச்சர்ட் மீன் இவற்றுக்கு வாட் இல்லை. 2019 ஏப்ரலிலிருந்து கேக் மாவுக்கும் இல்லை. வெள்ளை ரொட்டிக்கு உண்டு, கோழிக்கு உண்டு. தயிர் டப்பாவுக்கு உண்டு, மாஸ் புளித்த பாலுக்கு இல்லை. ஆடிக் கஞ்சிக்கு எப்படியும் மாஸ் வாங்குகிற வீடுதானே, மோர்க்குழம்புக்கும் அதையே ஊற்றினால் போயிற்று.

கீசர். ஒரு மணி நேரம் போட்டால் பாதிச் செலவு மிச்சம் என்று சாட்ஸ்வொர்த் முழுக்க நம்புகிறார்கள். கணக்கு அப்படி இல்லை. 150 லிட்டர் கீசரில் 20 டிகிரித் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 7 யூனிட் மின்சாரம் வேண்டும். 3 கிலோவாட் எலிமென்ட் அதற்கு இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். நீங்கள் ஒரு மணி நேரத்தில் அணைத்தால் 3 யூனிட் போயிருக்கும், தண்ணீர் வெதுவெதுப்பாக நிற்கும், காலையில் பிள்ளைகள் நடுங்குவார்கள். அணைத்து வைப்பதால் மிச்சமாவது தொட்டி சும்மா ஆறிப்போகிற சூடு மட்டும்தான். நாள் முழுக்கப் போட்டே வைத்தாலும் அது இரண்டு, இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். மற்ற செலவெல்லாம் குளிக்கிற தண்ணீரில் இருக்கிறது. பழைய ஷவர் தலை நிமிஷத்துக்கு 15 லிட்டருக்கு மேல் கொட்டும். பத்துக்குக் குறைவாக விடுகிற தலையை மாட்டுங்கள். மெயின் ஸ்விட்ச் இருக்கும் டிபி போர்டில் கீசர் ஸ்விட்சை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து தெர்மோஸ்டாட்டை 60-ல் நிறுத்துங்கள். அதற்கும் கீழே ரொம்ப இறக்கினால் தொட்டிக்குள் கிருமி வளரும். கீசரிலிருந்து வெளியே வரும் குழாயின் முதல் இரண்டு மீட்டருக்கு நுரைக் குழாய் சுற்றுங்கள். வெளிச்சுவரில் ஓவர்ஃப்ளோ குழாய் ஓயாமல் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். சொட்டினால் பிரஷர் வால்வு போயிருக்கலாம். நீங்கள் காசு கொடுத்துச் சுட வைத்த தண்ணீர்தான் அங்கே தோட்டத்துக்குப் பாய்கிறது.

போன் மிரட்டலுக்கு வருகிறேன். கோர்ட் தீர்ப்பு இல்லாத சாதாரணக் கடன், மூன்று வருஷம் நீங்கள் எதுவும் கட்டாமலும் ஒப்புக்கொள்ளாமலும் அவர்கள் சம்மன் அனுப்பாமலும் இருந்தால், காலாவதி ஆகிவிடும். 2015 மார்ச்சிலிருந்து அப்படிப்பட்ட கடனை விற்பதற்கும் வசூலிப்பதற்கும் சட்டத்தில் தடை உண்டு. அதனால்தான் அவர்கள் “ஐம்பது ரேண்டாவது போடுங்கள், நல்லெண்ணத்துக்கு” என்று குழைகிறார்கள். மூன்று வருஷம் ஆகாத கடனாக இருந்தால் அந்த ஐம்பது ரேண்டில் கெடு முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். காலாவதியான கடனாக இருந்தால் நீங்களே வாயால் வம்பை வாங்கிக் கட்டிக்கொண்டதாகும். போனில் ஆமாம் என்றும் சொல்லாதீர்கள், இல்லை என்றும் சொல்லாதீர்கள். கடைசியாகப் பணம் கட்டிய தேதியோடு கணக்கை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு சத்தம் நின்றுவிடும். ரிவியூவில் சேர்ந்த கடன் என்றால் அந்தக் கடைக்காரரின் கட்டி முடித்த கடிதம் உங்களிடம் இருக்க வேண்டும். ஒவ்வொரு கடனுக்கும் அந்தக் கடிதத்தையும், ரிவியூ முடிந்தது என்று டெட் கவுன்சலர் (கடன் ஆலோசகர்) கொடுக்கும் ஃபார்ம் 19 என்கிற கிளியரன்ஸ் சர்டிபிகேட்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். சர்டிபிகேட் கொடுத்த 7 நாளுக்குள் உங்கள் டெட் கவுன்சலர் அதன் நகலை, கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பியூரோக்களுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினாரா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை இலவச அறிக்கை கேட்கலாம். அனுப்பவில்லை என்றால் நீங்களே அனுப்புங்கள்.

துணிக்கடை அக்கவுண்ட்! நாத்தனார் மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் மேல்தான். அதைக் கேள்வியாக எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? ஸ்கோர் எதற்கு? அடுத்த கடன் வாங்கத்தானே? வேண்டாம்.

சரி, இதெல்லாம் ஓரம். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொரு வரி. “அது நின்று ஏழு மாதம் ஆகிறது. ஆனாலும் கையில் ஒன்றும் தங்கவில்லை.” ஆடி பிறந்ததிலிருந்து இதையேதான் நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகளில் கடன் எந்த மாதத்தில் பிறக்கிறது?

மளிகையில் பிறப்பதில்லை. மாதச் செலவை எந்தப் பெண்ணும் எப்படியாவது இழுத்துக் கட்டிவிடுவாள். புரட்டாசியில் தொடங்கித் தைப்பூசத்துக்குள்தான் பிறக்கிறது. செப்டம்பர் நடுவில் புரட்டாசி. கறி இல்லாத மாதம், மிச்சம் வரும் என்று நினைப்போம். வராது. பன்னீரும் சோயாவும் வாங்கி, சனிக்கிழமை பூஜைக்கு வந்தவர்களுக்கெல்லாம் இலை போட்டு, செலவு கூடத்தான் செய்யும். அது முடிந்து தீபாவளி. டிசம்பர் நடுவில் ஃபேக்டரி மூடுவார்கள். சம்பளமும் போனஸும் ஒன்றாக வந்து விழும், அடுத்த சம்பளம் ஜனவரி கடைசியில். இடையில் ஏறக்குறைய 40 நாள். ஒரு மாதச் சம்பளத்தில் ஒன்றே கால் மாதம் ஓட்ட வேண்டும் என்பது அந்தப் பெரிய தொகையைப் பார்க்கிற யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஜனவரி நடுவில் பள்ளி திறக்கிறார்கள். சீருடை, ஷூ, நோட்டுப் புத்தகம், முதல் கட்டணம். அதன் பின்னாலேயே காவடி. வருஷா வருஷம் புதுப்பிக்கும் கார் லைசென்ஸ் டிஸ்க்கும் இரண்டு டயரும் அதற்குள்ளேயே வந்து நிற்கும்.

இவற்றை நாம் “எதிர்பாராத செலவு” என்று சொல்லிக்கொள்கிறோம். தைப்பூசம் எந்த வருஷமாவது வராமல் இருந்திருக்கிறதா அம்மா? ஜனவரியில் பள்ளி திறப்பதை யார் உங்களிடமிருந்து மறைத்தார்கள்?

காகிதத்தில் எழுதுங்கள். நான் உத்தேசமாகப் போடுகிறேன், உங்கள் வீட்டுத் தொகையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கு 9,000. புரட்டாசியும் தீபாவளியும் 6,000. டிசம்பர் 5,000. காவடி 3,000. காருக்கு டிஸ்க், சர்வீஸ், டயர் 8,500. வீட்டு ரிப்பேர் 4,000. பல், கண்ணாடி 3,000. கூட்டினால் 38,500 ரேண்ட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 3,208. நீங்கள் கட்டிவந்த தவணை 4,850. அதாவது இந்த முழுச் செலவையும் தாங்கி, மாதம் 1,642 மிஞ்சும். உங்கள் வீட்டில் பணம் இல்லாமல் இல்லை. கடன்காரன் 25-ம் தேதி எடுத்துக்கொண்டு போனபோது அந்தத் தொகை இல்லாமல் நாலரை வருஷம் வாழ்ந்தீர்கள். எடுப்பவன் போனதும் அது சம்பளத்தோடு கலந்து கரைந்துவிட்டது. ஏழு மாதத்தில் கரைந்தது 33,950 ரேண்ட். நீங்களோ பருப்புக்கு மூன்று கடை ஏறுகிறீர்கள்.

ஆகவே தவணை நிற்கக் கூடாது. அதே தொகை, அதே 25-ம் தேதி, உங்கள் வங்கியிலேயே நீங்கள் போட்டு வைத்த உத்தரவின்படி, வேறொரு வங்கியில் கார்டு வாங்காத கணக்குக்குப் போகட்டும். டெபிட் ஆர்டர் என்றால் அடுத்தவன் வந்து இழுப்பது, இது நீங்கள் தள்ளுவது. கையோடு மூன்று மாத ஸ்டேட்மென்டை எடுத்துச் சிவப்புப் பேனாவால் பாருங்கள். முடிந்த கடனுக்கான ஆயுள் காப்பீடு, மூடிய அக்கவுண்டின் கிளப் சந்தா, இப்படிச் செத்த கடனின் வால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒப்புக்கொள்ளாத டெபிட் ஆர்டரை 40 நாளுக்குள் வங்கியில் சொன்னால் திருப்பி வாங்குவது சுலபம்.

இதைச் செய்தவர்களும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஆகஸ்டில் ஆரம்பித்து, கணக்குப்படி 3,208 மட்டும் போட்டால் பள்ளி திறப்பதற்குள் ஐந்து தவணைதான் சேரும். 16,040. அதற்குள் புரட்டாசி, தீபாவளி, டிசம்பர், பள்ளி எல்லாம் சேர்ந்து 20,000 கேட்கும். 3,960 குறையும். அந்த நாலாயிரத்துக்குத்தான் ஜனவரியில் மறுபடி அட்டையைத் தேய்ப்பார்கள், பிறகு “இந்தச் சேமிப்பெல்லாம் நமக்குச் சரிப்படாது” என்பார்கள். முதல் வருஷம் மட்டும், காவடி முடிகிற வரைக்கும் 4,850 முழுவதையும் இதிலேயே போடுங்கள். ஐந்து தவணை 24,250. பள்ளிக்குக் கொடுத்த பிறகும் 4,250 நிற்கும். மார்ச்சிலிருந்து இரண்டாகப் பிரிக்கலாம், 3,208 இதற்கு, 1,642 அவசரத்துக்கு.

பிரிக்கும்போது, 32 நாள் முன்கூட்டிச் சொல்லி எடுக்கும் நோட்டீஸ் கணக்கில் அவசரப் பணத்தைப் போட்டுவிடாதீர்கள். வட்டி கூட என்று பலர் அதைத்தான் செய்கிறார்கள். கீசர் வெடித்தால் 32 நாள் காத்திருப்பீர்களா? தேதி தெரிந்த செலவுதான் அங்கே இருக்க வேண்டும். பள்ளிப் பணத்துக்கு டிசம்பர் 5-ம் தேதி நோட்டீஸ் கொடுத்தால் ஜனவரி 6-ல் கைக்கு வரும். அவசரப் பணம் சாதாரணச் சேமிப்பில் கிடக்கட்டும். ஸ்டோக்வெல்லில் (சீட்டு மாதிரி, கூட்டாகச் சேர்க்கும் பணம்) போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். டிசம்பர் மளிகைக்குப் போடுங்கள், நல்லது. மற்றது வங்கியில்தான். 2024 ஏப்ரலிலிருந்து ஒரு வங்கியில் ஒருவருடைய பணத்துக்கு 1 லட்சம் ரேண்ட் வரை காப்பீடு இருக்கிறது, ஸ்டோக்வெல் பொருளாளரின் கைப்பைக்கு இல்லை.

நீங்கள் கேட்டது பருப்பை அல்லவா. பத்துக் கிலோ வேண்டாம். டர்பன் ஈரத்தில், அதுவும் நவம்பருக்கு மேல், நாலு பேர் வீட்டில் அது தீருவதற்குள் வண்டு விழுந்துவிடும். இரண்டு கிலோவாக வாங்குங்கள். வாங்கிய அன்றே பையோடு நாலைந்து நாள் ஃப்ரீசரில் வைத்தால் முட்டை செத்துப்போகும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், குளிர் முழுக்கப் போகட்டும், இல்லாவிட்டால் பருப்பு வேர்த்துப் பூசணம் பிடிக்கும். பிறகு மூடி இறுகிய டப்பாவில் கொட்டி, மேலே தேதியை எழுதி ஒட்டுங்கள். அரிசி மட்டும் பத்துக் கிலோ வாங்கலாம்.

அன்புடன்,
அக்கா