கட்டி முடிக்காத விண்கலத்துக்கு முன்பணம்: கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். விண்கலம் கட்டும் விளையாட்டுகளைப் பத்து வருஷத்துக்கு மேலாக ஆடி வருகிறேன். அவற்றில் முக்கால்வாசி, வேலை முடியாத நிலையிலேயே காசு கொடுத்து வாங்கியவை. அது சம்பந்தமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். லேப்டாப் ரிப்பேர் கேள்விகள் என்றால் கடைக்கு வாருங்கள், பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அண்ணாச்சி, இந்த எர்லி ஆக்ஸஸ்னா என்ன? முடிக்காத கேமுக்கு எதுக்குக் காசு கேக்காங்க? (வள்ளியூர், கல்லூரி மாணவர்)

தம்பி, செய்துகொண்டிருக்கும் விளையாட்டை அப்படியே விற்பதுதான் எர்லி ஆக்ஸஸ். இன்று வாங்கினால் இன்றைக்கு இருப்பதை ஆடலாம், பிறகு வரும் அப்டேட்டுகளுக்குத் தனியாகக் காசு இல்லை. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இது 2013 மார்ச்சில் வந்தது. அதற்கு முன்பே மைன்கிராஃப்ட் 2009லிருந்து இப்படித்தான் விற்றது, அதன் 1.0, அதாவது முதல் முழுப் பதிப்பு, வந்ததோ 2011 நவம்பரில்.

காசு கேட்கக் காரணம் இருக்கிறது. ஒருவர், இருவர் சேர்ந்து செய்யும் விளையாட்டுக்குப் பணம் போட ஆள் கிடைக்காது. விற்கிற காசில்தான் அடுத்த மாத வீட்டு வாடகை. அதோடு, விண்கலம் கட்டும் விளையாட்டுக்கு நம்மைப் போன்ற ஆட்களும் தேவை. செய்தவர் கனவிலும் நினைக்காத கோணலில் நாம் கலத்தைக் கட்டுவோம். இருநூறு பாகம் கொண்ட ராக்கெட்டை நிறுத்தினால் அது முருங்கைக்காய் மாதிரி வளைந்து ஆடும். அப்போதுதான் எங்கே இணைப்பு பலவீனம் என்று அவருக்கே தெரியும்.

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்ற ராக்கெட் கட்டும் விளையாட்டு இந்த வழியில் நன்றாக வளர்ந்தது. மெக்ஸிகோ நகரத்தில் ஸ்குவாட் என்ற நிறுவனம் செய்தது. 2011 ஜூனில் முதல் பதிப்பு, 2015 ஏப்ரலில் 1.0. 2013 ஏப்ரல் முடிவதற்குள் வாங்கியவர்களுக்குப் பின்னால் வரும் விரிவாக்கங்கள் இலவசம் என்று சொன்னார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2018ல் மேக்கிங் ஹிஸ்டரி வந்தபோது சொன்னபடியே கொடுத்தார்கள்.

அதே பெயரில் இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் எர்லி ஆக்ஸஸில் வந்தது, விலை 49.99 டாலர். பின்னால் பெரிய நிறுவனம், கையில் புகழ்பெற்ற பெயர். வேற்றுக் கோள்களில் குடியிருப்பு, வேறு நட்சத்திரங்களுக்குப் பயணம், பலர் சேர்ந்து ஆடுவது, எல்லாம் வரும் என்று படம் போட்டுக் காட்டினார்கள். 2024ல் அதைச் செய்த ஸ்டுடியோ ஆட்களை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை.

ஆகவே நான் எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: இன்றைக்கு அதில் என்ன இருக்கிறதோ அதற்கு மட்டும் காசு கொடுங்கள். நாளைக்கே வேலை நின்றுபோனாலும் கொடுத்த காசு செரித்துவிடுமா என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

வாங்குறதுக்கு முன்னாடி எதையெல்லாம் பாக்கணும்? (மேலப்பாளையம்)

விற்பனைப் பக்கத்தில் நீலப் பெட்டி ஒன்று இருக்கும். ஏன் முடியாமல் விற்கிறீர்கள், எத்தனை நாள் ஆகும், முடிந்த பிறகு விலை ஏறுமா என்ற கேள்விகளுக்குச் செய்தவரே பதில் எழுதியிருப்பார். பலரும் அதைத் தாண்டிப்போய் வீடியோவைப் பார்க்கிறார்கள். அந்தப் பதிலைப் படியுங்கள். “ஆறு மாதம்” என்று எழுதி நாலு வருஷம் ஆகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அப்டேட் தேதிகள். மாதம் ஒரு சின்ன அப்டேட் வருவது, வருஷத்துக்கு ஒரு பெரிய அறிவிப்பு வருவதைவிட நல்லது. ஒரு வருஷத்துக்கு மேல் அப்டேட் இல்லாவிட்டால் ஸ்டீமே இப்போது எச்சரிக்கை போடுகிறது. 2025 பிப்ரவரியிலிருந்து இது உண்டு. விமர்சனங்களில், நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு ‘வேண்டாம்’ என்று எழுதியவர்களைத் தேடிப் படியுங்கள். அவர்களுக்கு அந்த விளையாட்டின் மீது பிரியம் இருந்திருக்கிறது, அதனால் குறையைச் சரியாகச் சொல்வார்கள்.

ரீஃபண்ட் விதி: வாங்கி 14 நாளுக்குள், ஆடியது 2 மணி நேரத்துக்குள். பாடம் சொல்லும் கட்டத்திலேயே அந்த இரண்டு மணி நேரம் ஓடிப்போகும், கவனம். நான் செய்வது இது: பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நேராக ஒரு சின்னக் கலம் கட்டிப் பறக்கவிடுவேன். ஸ்பேஸ் இன்ஜினியர்ஸ் என்ற விளையாட்டில் முதல் நாள் அப்படித்தான் கட்டினேன். பின்பக்கம் கலத்தை உந்தும் த்ரஸ்டர் நாலு, மேலும் கீழும் இரண்டிரண்டு, பக்கவாட்டில் ஒவ்வொன்று. முன்பக்கம் வைக்க மறந்துவிட்டேன். கலம் ஜம்மென்று கிளம்பியது, நிறுத்த வழி இல்லை. எதிரே ஒரு விண்கல். மோதின இடத்தில் பிளாக்குகள் நசுங்கி, இருக்கை மட்டும் தனியாகச் சுழன்றது. கதவு சரியாகத் திறக்காமல் எத்தனையோ கோளாறு அன்றைக்கு இருந்தது. ஆனால் அந்த ஒரு மோதல் போதும், கட்டுவது, பறப்பது, உடைவது மூன்றும் உண்மையாக வேலை செய்கின்றன என்று தெரிந்தது. ரீஃபண்ட் கேட்கவில்லை. 2013ல் எர்லி ஆக்ஸஸில் வந்த அந்த விளையாட்டு 2019 பிப்ரவரியில் முழுமையானது.

காஸ்மோட்டீர் என் பழைய லேப்டாப்ல ஓடுமா? (அம்பாசமுத்திரம்)

மேலிருந்து பார்க்கும் 2டி விளையாட்டு என்பதால் கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பெரிய சுமை இல்லை. ஆனால் கலத்துக்குள் ஒவ்வொரு ஆளும் பேட்டரியையும் குண்டையும் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், அந்தக் கணக்கெல்லாம் பிராசஸர் மேல் விழும். சின்னக் கலமாகக் கட்டுங்கள். நடைபாதையைக் குட்டையாக வையுங்கள், இல்லாவிட்டால் பீரங்கி குண்டுக்காகக் காத்துக் கிடக்கும்.

அண்ணாச்சி, நான் வாங்கின கேம் எப்பம் முழுசா வரும்? (சங்கரன்கோவில்)

செய்கிறவருக்கே தெரியாது தம்பி. தேதியை நம்பி வாங்காதீர்கள்.

வேற சைட்ல பாதி விலைக்கு கீ தாராங்க, வாங்கலாமா? (நாங்குநேரி)

வேண்டாம். அந்த கீக்கு, அதாவது விளையாட்டைத் திறக்கும் குறியீட்டுக்கு, ஸ்டீமில் ரீஃபண்ட் கிடையாது, செய்தவருக்குக் காசு போய்ச் சேருமா என்பதும் நிச்சயமில்லை. ஸ்டீமில் ரூபாயிலேயே, யூபிஐ வழியாகவே கட்டலாம்.

நான் வாங்கின கேமுக்கு எட்டு மாசமா அப்டேட் இல்ல. இது ஏமாத்து வேலைதானே? சீட்டு பிடிச்சவன் ஓடிப்போனா போலீஸ்ல சொல்லுதோம்லா? (தூத்துக்குடி)

சீட்டு வேறு, இது வேறு. சீட்டில் குறித்த தேதிக்குப் பணம் திருப்பித் தர வேண்டிய கடமை இருக்கிறது. 1982ல் வந்த சட்டமே அதற்கு உண்டு. இங்கே நீங்கள் வாங்கியது, வாங்கிய அன்று இருந்த விளையாட்டை. மாறலாம், மாறாமலும் போகலாம் என்று ஸ்டீம் எழுதியே வைத்திருக்கிறது. காசு தீர்ந்து வேலை நின்றால் அது தோல்வி. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன்.

இதை ஒத்துக்க முடியாது. அட்வான்ஸ் வாங்கிட்டுப் பாதிச் சுவரோட போற கொத்தனாரை நாம என்ன சொல்லுவோம்? (நெல்லை டவுன், ஆடிட்டர் ஆபீஸ் வேலை)

கொத்தனாரிடம் பிளானும், பேசிய தொகையும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

இரண்டு பேர் செய்த ஒரு சின்ன விளையாட்டு. பெயர் வேண்டாம். கடைக்கு வரும் பையன்களிடம் எல்லாம் வாங்கச் சொன்னேன், ஏழெட்டுப் பேர் வாங்கினார்கள். “அடுத்த வாரம் புது இன்ஜின்” என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதோடு சரி. மூன்று மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அதே விலைக்கு விற்பனையில் இருந்தது, அதுதான் எனக்கு ஆறவில்லை. வேலையை நிறுத்தியதற்காக அவர்கள் மீது கோபம் இல்லை. நிறுத்தியதைச் சொல்லாமல் விற்றார்கள் பாருங்கள், அதை ஏமாற்று என்றே சொல்வேன். அந்தப் பையன்களில் ஒருவன் பேப்பர் போட்டுச் சேர்த்த காசில் வாங்கியிருந்தான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

எங்க அப்பா மகேந்திரகிரியில வேலை பாத்தாங்க. அங்க இன்ஜின் டெஸ்ட் பாதியில நின்னா யாரும் ஏமாத்துன்னு சொல்லதில்லையே? (காவல்கிணறு)

நல்ல கேள்வி. இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டின் சிஇ-20 கிரையோஜெனிக் இன்ஜினை அங்கேதான் நிறுத்தி எரித்துப் பார்க்கிறார்கள். ஒரு சோதனை பாதியில் நின்றாலும் அதுவரை பதிவான அழுத்தம், வெப்பம் எல்லாம் கையில் இருக்கும், அடுத்த சோதனைக்கு உதவும். நின்றுபோன விளையாட்டில் மிஞ்சுவது என்ன?

ஸ்பேஸ்பேஸ் டிஎஃப்-9 என்று டபுள் ஃபைன் செய்த விண்வெளி நிலையம் கட்டும் விளையாட்டு. 2013 அக்டோபரில் விற்க ஆரம்பித்து, 2014 செப்டம்பரில் வேலையை முடித்துக்கொள்கிறோம் என்றார்கள். திட்டமிட்டதில் பலவும் இல்லாமலே 1.0 என்று பெயர் போட்டது தப்பு. ஆனால் நிறுத்துவதைச் சொன்னார்கள், விளையாட்டின் நிரலான சோர்ஸ் கோடையும் திறந்துவிட்டார்கள். பிறகு ஆர்வலர்கள் அதில் கை வைக்க முடிந்தது. வேலையை நிறுத்துகிற எவரும் குறைந்தபட்சம் இதைச் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. டவுன்காரரே, கொத்தனார் போனாலும் கல்லும் மணலும் பிளானும் வீட்டுக்காரரிடம் இருக்கும் அல்லவா? அதைத்தான் கேட்கிறேன்.

இதைப் பற்றி இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன், என் பதில் மாறவில்லை. மற்ற கேள்விகள் காத்திருக்கின்றன.

எப்பம் முழுசா வரும்? (தென்காசி)

மேலே சங்கரன்கோவில் தம்பிக்குச் சொன்னதுதான்.

ரோட்மேப்ல அடுத்த மாசம்னு போட்டிருக்கே, அப்போ வரும்லா? (களக்காடு)

ரோட்மேப் என்பது, அடுத்து என்ன செய்வோம் என்று செய்தவர் போடும் பட்டியல். அது ஆசை. ஆசைக்குக் காசு கொடுக்காதீர்கள். இதற்கு மேல் தேதி கேட்டு வரும் கேள்விகளை விட்டுவிடுகிறேன்.

பத்தாவது படிக்கிற என் மகன் ஸ்டார் சிட்டிசன்ல கப்பல் வாங்கணும்னு அடம்பிடிக்கான். ஒரு கப்பலுக்கு இத்தனை ஆயிரமா தம்பி? (பேட்டை, ஒரு தாய்)

அக்கா, அது 2012ல் மக்களிடம் பணம் திரட்டி ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. நூற்றுக்கணக்கான டாலர் விலையில்கூட அதில் கப்பல்கள் இருக்கின்றன. அது கட்டி வைத்த கப்பலை வாங்குகிற விளையாட்டு. தானே கட்டிப் பழக அங்கே வழி குறைவு. கார்டு விவரத்தைக் கணக்கில் சேமித்து வைக்காதீர்கள். பையனை ஒரு சனிக்கிழமை கடைக்கு அனுப்புங்கள், நான் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

அப்டேட்டுக்கு அப்புறம் என் கலம் திறக்கவே இல்ல. மூணு மாசம் கட்டினது. (திசையன்விளை)

பதறாதீர்கள், புதிதாகச் சேவ் செய்யாதீர்கள். ஸ்டீமில் அந்த விளையாட்டின் பிராப்பர்ட்டீஸில் பீட்டா என்ற பகுதி இருக்கும். செய்தவர் பழைய பதிப்பை அங்கே வைத்திருந்தால் அதற்குத் திரும்பலாம். இனிமேல் ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் சேவ் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். கெர்பலில் அது விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கிறது. நம் ஊர்க் கரண்ட்டுக்கு இது எப்படியும் தேவை.

குலசையில (குலசேகரன்பட்டினம்) ராக்கெட் தளம் வருதுல்லா, அதே மாதிரி ஏவிப் பாக்கணும். எதை வாங்க? (திருச்செந்தூர், எட்டாம் வகுப்பு)

தம்பி, கெர்பல் முதல் பாகத்தை வாங்கு, அது முடிந்த விளையாட்டு. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகிறது, அதில் எரிபொருள் வீணாகிறது. குலசையிலிருந்து நேராகத் தெற்கே கடல்தான், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய மிச்சம். 2024 பிப்ரவரி 28ல் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள்.

கெர்பலில் கிளம்பியதும் திசைப் பந்தில் 180ஐ, அதாவது தெற்கை, பிடித்து மெல்லச் சாய்த்துப் போ. ஒரே எரிபொருளில் 90க்கு (கிழக்கு) ஒருமுறை, 180க்கு ஒருமுறை, நடுவில் வளைந்து ஒருமுறை ஏவிப் பார். ஒவ்வொரு தடவையும் டேங்கில் எவ்வளவு மிஞ்சியது என்று நோட்டில் எழுதி எனக்கு அனுப்பு.