ஹார்டுவேர் வாலட் வடிவமைப்பு: கேள்வி பதில்

கேள்வி: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி போர்டை வைத்துச் சொந்தமாக ஒரு கிரிப்டோ வாலட் செய்ய ஆசை. எதில் கவனம் வைக்க வேண்டும்?

பதில்: போர்டு சுலபம். பை ஜீரோ 1.3 எடுங்கள், அதில் வைஃபையும் புளூடூத்தும் கிடையாது. கவனத்தைச் சாவி உண்டாக்கும் ரேண்டம் எண்ணில், அதாவது யாரும் ஊகிக்க முடியாத எண்ணில், வையுங்கள். லிப்பிட்காயின் என்ற மென்பொருளின் பிஎக்ஸ் கருவி கணினி நேரத்திலிருந்து வெறும் 32 பிட் எடுத்துச் சாவி உண்டாக்கியது. மொத்தம் சுமார் 430 கோடி வாய்ப்புகள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடலாம். 2023-இல் அப்படித்தான் பலர் காசை இழந்தார்கள். நான் பகடைதான் உருட்டுகிறேன். 50 முறை உருட்டினால் 128 பிட்டைத் தாண்டிவிடும், 12 சீட் வார்த்தைகளுக்கு (வாலட்டை மீட்கும் ரகசிய வார்த்தைகள்) அது போதும். வந்த எண்களைத் தனித் தாளில், கண்ணாடி மேல் வைத்து எழுதுங்கள். நோட்டில் எழுதினால் பேனா அழுத்தம் அடுத்த பக்கத்தில் பதியும். வேலை முடிந்ததும் தாளை எரித்துவிடுங்கள்.

கேள்வி: சீட் வார்த்தைகளை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஃபோன் அதைக் கேட்காமலே கிளவுடுக்கு அனுப்பிவிடும்.

கேள்வி: சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் சிப் போதாதா? ரகசியத்தைக் காக்கவே செய்த செக்யூர் எலிமென்ட் சிப் எதற்கு?

பதில்: சாதனம் திருடன் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். 2020 ஜனவரியில் கிராக்கன் கிரிப்டோ சந்தையின் பாதுகாப்புக் குழு, சாதாரண மைக்ரோகன்ட்ரோலர் கொண்ட ட்ரெசர் ஒன், மாடல் டி என்ற இரு வாலட்களிலும் இதைச் செய்து காட்டியது. சிப்புக்குப் போகும் மின்னழுத்தத்தை நொடிக்கும் குறைவான நேரம் தடுமாற வைத்து, உள்ளிருந்த சீடை உருவினார்கள். சாதனம் கையில் 15 நிமிடம் இருந்தால் போதும் என்றார்கள். பின் (PIN) எண்ணால் தடுக்க முடியவில்லை. பாஸ்ஃப்ரேஸ் (சீடுடன் சேர்க்கும் கூடுதல் ரகசியச் சொல்) வைத்திருந்தவர்கள் தப்பித்திருப்பார்கள், ஏனென்றால் அது சாதனத்தில் சேமிக்கப்படுவதில்லை.

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். உள்ளே என்ன ஓடுகிறது என்றே தெரியாத மூடிய சிப்பை நம்பச் சொல்கிறீர்களா?

பதில்: நம்பச் சொல்லவில்லை. உங்கள் கோபம் நியாயம்தான். 2023 மே மாதம் வாலட் நிறுவனமான லெட்ஜர், சீடைக் காப்பெடுத்து வைக்கும் தன் ரிகவர் சேவையை அறிவித்தபோதுதான், ஃபர்ம்வேர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) நினைத்தால் சீடைத் துண்டுகளாக வெளியே அனுப்ப முடியும் என்பது பலருக்கு உறைத்தது. அதற்காகச் சிப்பைத் தூக்கிப் போட வேண்டாம், வேலையைப் பிரித்துக் கொடுங்கள். கோல்ட்கார்டு எம்கே4 வாலட்டில் இரு வேறு நிறுவனங்களின் செக்யூர் எலிமென்ட்கள் இருக்கின்றன. ஒன்றில் ஓட்டை இருந்தாலும் திருடனுக்கு அது மட்டும் போதாது. ஃபர்ம்வேரின் மூல நிரலும் எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. திறந்த மூல நிரலா, மூடிய சிப்பா என்று கட்சி கட்டுவதைவிட இந்த வழி எவ்வளவோ மேல்.

கேள்வி: ஃபோட்டோவை ஜிப் செய்து பாஸ்வேர்டு போட்டால்?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கேமரா அந்த வார்த்தைகளைப் பார்க்கவே கூடாது.

கேள்வி: திரை அவசியமா? விலை கூடுகிறதே.

பதில்: திரையில்லாமல் செய்யாதீர்கள். 2025 பிப்ரவரியில் பைபிட் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் காயின் திருடு போனது. பரிவர்த்தனையில் கையொப்பமிட்டவர்களுக்குக் கணினியில் தெரிந்தது ஒன்று, அவர்கள் உண்மையில் ஒப்புதல் தந்தது வேறு. யாருக்கு, எவ்வளவு என்பதைச் சாதனம் தன் திரையிலேயே முழுதாகக் காட்ட வேண்டும். முகவரியின் முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கும் போதாது.

கேள்வி: இப்போது எந்தக் காயின் வாங்கலாம்?

பதில்: அது என் துறை இல்லை.

கேள்வி: வார்த்தைகளை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி வைத்திருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. அழித்தாலும் பயனில்லை. இன்றே புது சீட் உருவாக்கி, முழுப் பணத்தையும் அதற்கு மாற்றுங்கள். மாற்றும் முன் புது வாலட்டில் சின்னத் தொகை போட்டு, சாதனத்தில் உள்ளதை அழித்து, தாளில் எழுதிய வார்த்தைகளை வைத்து மீட்டுப் பாருங்கள். தொகை திரும்பத் தெரிந்தால் மீதியை அனுப்புங்கள்.