உதவி பண்றவங்களுக்கும் பொறுப்பு இருக்கு

கேள்வி: மனித உரிமைய மீறுற நாட்டுக்கு ராணுவ உதவிய நிறுத்துனா, அந்த நாடு தீவிரவாதிங்க கைக்குப் போயிடாதா சார்?

பதில்: பயம் நியாயம்தான், ஆனா கொலம்பியால நடந்தத பாருங்க. போதைப்பொருள் கடத்தலயும், கெரில்லாக்கள்ங்கற ஆயுதக் கிளர்ச்சிக்காரங்களயும் ஒடுக்கணும்னு 2000லேந்து அமெரிக்கா கோடி கோடியா டாலர் குடுத்துச்சு, அங்க ராணுவத்துல எத்தன பேர கொன்னீங்கன்னுதான் கணக்கு கேட்டாங்க, கொன்னா லீவு, பரிசு. 2008ல தலைநகர் போகோட்டா பக்கத்துல சோவாச்சாங்கற ஊர்லேந்து வேல வாங்கித் தரேன்னு ஏழைப் பசங்கள கூட்டிட்டுப் போய் சுட்டுட்டு, கெரில்லா டிரஸ் மாட்டி கணக்கு காட்டிட்டாங்க. இந்த மாதிரி கொல்லப்பட்டவங்க சிலருக்கு பூட்ஸ் வலது இடது மாறி இருந்துச்சு! அந்தப் பசங்களோட அம்மாக்கள் விடாம போராடுனாங்க. 2002லேந்து 2008 வரைக்கும் குறைஞ்சது 6,402 அப்பாவிங்கன்னு அந்நாட்டு அமைதிக்கான சிறப்பு நீதிமன்றமே சொல்லுது.

அமெரிக்காவுல 1997லேந்தே லீஹி சட்டம் இருக்கு, அது மொத்த நாட்டுக்கும் உதவிய வெட்டல, கொடுமை பண்ண படைப்பிரிவுக்கு மட்டும்தான் நிறுத்தச் சொல்லுது, விசாரிச்சு தண்டிச்சா திரும்ப குடுக்கலாம். அதனால நாடு கவுந்துடும்ங்கறத நான் ஏத்துக்கல. சட்டம் இருந்தும் இவ்ளோ பேர் செத்தாங்கன்னா, அத ஒழுங்கா அமல்படுத்தலன்னுதான் அர்த்தம்.