கியர் பாக்ஸ் பழுதுக்காகச் சிட்டியைத் தள்ளி எடுக்கலாமா?

கேள்வி: குமுளியில் இருக்கிறேன். வண்டன்மேடு பக்கம் நாலு ஏக்கர் ஏலத்தோட்டம். செலவு போக நல்ல வருடத்தில் 12 லட்சம் நிற்கும், மோசமான வருடத்தில் 5 லட்சம். அப்பா எஸ்டேட்டில் கூலி வேலை பார்த்தவர். சின்ன வயதில் தேக்கடி ரோட்டில் கூரை திறந்த கார் ஒன்று போவதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை எனக்குள் இருந்தது. ஒன்றரை வருடம் முன்பு பெங்களூரில் 2015 மாடல் ஆடி ஏ3 கன்வர்ட்டிபிளை 17 லட்சத்துக்கு, கடன் இல்லாமல் வாங்கினேன். இதுவரை 6,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இன்சூரன்ஸ் 58,000, சர்வீஸ் 46,000, இரண்டு டயர் 32,000, பேட்டரி 21,000, கூரை ஒழுகியதைச் சரிசெய்ய 35,000, கொச்சிக்கு ஏற்றிப்போன வண்டிக்கு 18,000 ஆகிவிட்டது. இப்போது கியர் பாக்ஸின் மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) போய்விட்டது, மாற்ற 2,60,000 ஆகும் என்கிறார்கள். இன்சூரன்ஸில் கிடைக்காதாம். கேரள அரசின் சீட்டு நிறுவனமான கே.எஸ்.எஃப்.இ.-யில் 5 லட்சம் ரூபாய் சிட்டி (சீட்டு) ஒன்று, மாதம் 10,000 வீதம் 50 மாதம். 20 மாதம் கட்டியாயிற்று. மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சேர்ந்தது, அவள் இப்போது பிளஸ் ஒன். எங்கள் சிட்டியில் இன்னும் 30 சதவீதம் தள்ளித்தான், அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்துத்தான், எடுக்கிறார்கள். அதை எடுத்துக் காரைச் சரிசெய்யலாமா? மனைவி விற்றுவிடச் சொல்கிறார். புரோக்கர் இப்படியே கொடுத்தால் பத்தரை லட்சம், ஓடும் நிலையில் 13 லட்சம் என்கிறார். கார் இன்னும் கர்நாடகப் பதிவில்தான் இருக்கிறது. (பெயர் வேண்டாம், குமுளி)

பதில்: சிட்டியை எடுக்காதீர்கள். மீதிக் கேள்விகளுக்கு எப்படிப் பதில் வந்தாலும் இது மட்டும் மாறாது.

5 லட்சம் சிட்டியை 30 சதவீதம் தள்ளி எடுத்தால் கைக்கு வருவது சுமார் 3,50,000. அதில் காருக்கு 2,60,000 போனால் மிச்சம் 90,000. பொறுமையாக இருந்து கடைசியில் எடுத்தால் 5 சதவீதக் கமிஷன் போக சுமார் 4,75,000 கிடைக்கும். மகளின் கல்லூரிப் படிப்புக்கு நாலே முக்கால் லட்சம் இருக்க வேண்டிய இடத்தில் 90,000 இருக்கும், மாதத் தவணையை மட்டும் நீங்கள் தொடர்ந்து கட்டிக்கொண்டிருப்பீர்கள். எடுக்கும்போது ஜாமீனும் கேட்பார்கள். நகையை வைப்பீர்களோ நிலத்தை வைப்பீர்களோ, அதுவும் சேர்ந்து அந்தக் காருக்குள் போய் உட்கார்ந்துவிடும். சிட்டிக்குப் பதில் பயிர்க் கடனை எடுக்கலாமே என்று நினைத்தால், அதற்கும் இதே பதில்தான். குறுகிய காலப் பயிர்க் கடனைத் தவணை தவறாமல் கட்டுகிறவருக்குத்தான் 3 சதவீத வட்டிச் சலுகை கிடைக்கிறது. அந்தப் பணத்தைக் காரில் போட்டுவிட்டு உரத்துக்கும் கூலிக்கும் வெளியே கைமாற்று வாங்கும் நிலை வேண்டாம்.

சரி, காருக்கு வருவோம். நீங்கள் எழுதிய தொகைகளைக் கூட்டினேன்: 18 மாதத்தில் 2,10,000. வருடத்துக்கு 1,40,000, கிலோமீட்டருக்கு 35 ரூபாய். பெட்ரோலும் கியர் பாக்ஸும் இதில் சேரவில்லை. நீங்கள் அதிகமாகச் செலவு செய்துவிட்டதாக நான் நினைக்கவில்லை, இந்த மாதிரிக் காருக்கு இது இயல்பான செலவுதான். இந்த மாடல் 2014 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 44.75 லட்சம். பத்து வருடத்தில் காரின் விலை இறங்கிவிட்டது, பாகங்களின் விலை இறங்கவில்லை. நீங்கள் கொடுத்தது 17 லட்சம், ஆனால் ஒவ்வொரு பில்லும் 45 லட்சம் ரூபாய் காருக்கான பில்லாகத்தான் வரும்.

நல்ல வருடத்தின் 12 லட்சத்தில் 1,40,000 பெரிதாகத் தெரியாது. ஏல விவசாயி நல்ல வருடத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. மூன்று வருடத்துக்குள் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. 2024 கோடையில் விலை இருந்தும் செடி காய்ந்து போனது. மோசமான வருடத்தில் உங்களுக்கு நிற்கும் 5 லட்சத்தில் இந்தக் கார் நாலில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிடும். வீடு, படிப்பு, மருத்துவம் எல்லாம் மீதியில்தான் நடக்க வேண்டும். மனைவி விற்கச் சொல்வது இந்தக் கணக்கை மனதில் வைத்துத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் சொல்வதைக் காரின் மேல் உள்ள வெறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி, கேள்வியின் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, கார் இன்னும் கர்நாடகப் பதிவில் இருக்கிறது என்று. என்னை அதிகம் கவலைப்படுத்தியது அதுதான். வேறு மாநிலப் பதிவுள்ள வண்டியை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே புதுப் பதிவெண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு. உங்களுக்கு 18 மாதம் ஆகிவிட்டது. கேரள வரியை நீங்கள் கொடுத்த 17 லட்சத்தை வைத்துப் போடமாட்டார்கள். கார் புதிதாக இருந்தபோது இருந்த விலையை வைத்து, அதன் வயதுக்கு ஏற்பக் குறைத்துப் போடுவார்கள். ஆகவே அது சில ஆயிரத்தில் முடியாது. 2017-ல் புதுச்சேரிப் பதிவோடு இங்கே ஓடிய சொகுசுக் கார்களைக் கேரளத்தில் தேடித்தேடிப் பிடித்தது நினைவிருக்கும். நம் பக்கம் குமுளிக்கும் கம்பத்துக்கும் தினமும் போய்வருகிறவர்கள், இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் பாதி என்று சொல்லித் தப்பிக்கலாம் என நினைப்பதுண்டு. வீடும் ஆதாரும் குமுளியில் இருக்கும்போது அது நிற்காது.

எனவே பட்டறைக்குப் பணம் கட்டும் முன் வண்டிப்பெரியாறு ஆர்.டி. அலுவலகத்துக்கு ஒருநாள் போய்வாருங்கள். ஆர்.சி. நகலையும் பழைய இன்வாய்ஸையும் காட்டி, வரியும் அபராதமும் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா என்பதை நீங்கள் எழுதவில்லை. மாறவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ம் படிவங்கள், கர்நாடகத்தின் தடையின்மைச் சான்றுக்கு 28, இங்கே புது எண்ணுக்கு 27. இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும், உரிமை மாறிய 14 நாளுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டியது அது. பழைய உரிமையாளர் பெயரில் பாலிசி இருந்தால், நாளை மரம் விழுந்து கார் நசுங்கினாலும் உங்களால் ஒரு ரூபாய் கேட்க முடியாது. கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்கலாம். தாமதமாகும், ஆனாலும் விண்ணப்பித்து வையுங்கள்.

இந்த வரித் தொகை தெரிந்த பிறகுதான் வைத்துக்கொள்வதா விற்பதா என்று முடிவு செய்ய முடியும். கியர் பாக்ஸைத் தனியாகப் பார்த்தால் அது லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை: 2,60,000 செலவழித்தால் விலை இரண்டரை லட்சம் கூடுகிறது. வரி அப்படியில்லை, கட்டுகிற பணத்தில் பெரும்பகுதி விற்கும்போது திரும்பி வராது. வரியும் கியர் பாக்ஸும் சேர்ந்து 5 லட்சத்தைத் தாண்டினால், 13 லட்சம் பெறுமானமுள்ள காருக்கு அது அதிகம். அப்படியானால் சரிசெய்து, கர்நாடகப் பதிவோடேயே பெங்களூரில் விற்றுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. அங்கே வாங்குகிறவருக்கு இந்த வரிச் சுமை இல்லை. 17 லட்சம் போட்டுவிட்டோமே என்ற நினைப்பு வரும். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று ஊரில் சொல்வார்கள். பணத்தில் அந்தப் பேச்சு வேண்டாம், பாதி நனைந்தவர் திண்ணையில் ஏறி நின்றால் மீதியாவது நனையாமல் இருக்கும்.

தொகை குறைவாக இருந்தால், வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவைப் பற்றியும் தேக்கடி ரோட்டில் பார்த்த காரைப் பற்றியும் நீங்கள் எழுதியதை நான் மறக்கவில்லை. கூலி வேலை பார்த்தவரின் மகன் அந்தக் காரில் அதே ரோட்டில் போவது வீண் செலவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படி வைத்துக்கொள்வதானால், 2,60,000 என்ற தொகையை அப்படியே ஏற்காதீர்கள். ஸ்கேன் செய்தபோது வந்த பழுதுக் குறியீடுகளின் பிரிண்டைக் கேட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு ஜெர்மன் கார்களை மட்டும் பார்க்கும் தனிப் பட்டறை ஒன்றில், கொச்சியிலோ கோயம்புத்தூரிலோ, இன்னொரு கருத்துக் கேளுங்கள். மெக்கட்ரானிக்ஸை முழுதாக மாற்றாமல் உள்ளே கெட்ட பாகத்தை மட்டும் சரிசெய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். எத்தனை மாதம் வாரண்டி என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள், பெட்டியை இரண்டுமுறை இறக்கினால் இரண்டுமுறை கூலி. பணத்துக்கு அவசரப்படாதீர்கள். அடுத்த இரண்டு சுற்றுக் காய் பறித்து, ஏலம் போய்ப் பணம் வரட்டும். அதுவரை பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுக் காரை நிறுத்தி வையுங்கள்.

வைக்கிற இடம் முக்கியம். கூரை ஒழுகி 35,000 போனது நம் மழையால்தான், நீங்கள் எதுவும் தவறாகச் செய்ததால் இல்லை. ஜூனில் தொடங்கினால் நவம்பர் வரை நமக்கு இரண்டு மழை. துணிக் கூரையின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிப்போகச் சின்னத் துளைகள் இருக்கும். இலையும் சருகும் அவற்றை அடைத்தால் தண்ணீர் உள்ளே திரும்பி, கம்பளத்துக்கும் அதன் கீழே ஓடும் வயரிங்குக்கும் போகும். துளைகளை மாதம் ஒருமுறை சுத்தம் செய்ய உங்கள் வீட்டு ஆளே போதும். சரியாகச் செய்தால் இனி அந்த 35,000 வராது. தார்ப்பாயைப் போர்த்தி வைக்காதீர்கள், ஈரம் அடைபட்டுத் துணியில் பூஞ்சை பிடிக்கும். பக்கங்கள் திறந்த தகரக் கொட்டகை போதும். நனைந்த கூரையை மடக்கக் கூடாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு, அதற்கென்றே விற்கும் ரப்பர் பராமரிப்புத் திரவத்தை மழைக்கு முன்னும் பின்னும் தடவுங்கள். பீடிங் மாற்றுவது விலை கூடிய வேலை.

கியர் பாக்ஸ் விஷயத்திலும் உங்கள் கையில் கொஞ்சம் இருக்கிறது. லோயர் கேம்ப் ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து ஏறுவது உங்கள் காரில் உள்ள இரட்டைக் கிளட்ச் கியர் பெட்டிக்கு ஆகாது, கிளட்ச் பாதி பிடித்தபடியே சூடேறும். இடைவெளி விட்டு நின்று, வழி கிடைத்ததும் ஒரேயடியாக ஏறுங்கள். சபரிமலை சீசனில் போக்குவரத்தைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள், எங்கும் நெரிசல். அந்த இரண்டு மாதம் இந்தக் காரை எடுக்க வேண்டாம். தோட்டத்துக்கு ஜீப்பில்தான் போகிறீர்கள் என்று நம்புகிறேன்.

இன்சூரன்ஸ் பற்றி ஒன்று மட்டும். இயந்திரம் தானாகப் பழுதானால் எந்தச் சாதாரணப் பாலிசியும் தராது, ஆகவே உங்களை யாரும் ஏமாற்றவில்லை. விபத்திலும்கூட ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், பத்து வயது தாண்டிய காரின் உலோகப் பாகங்களுக்கும் 50 சதவீதம். இவ்வளவு கழிவு இருந்தாலும் முழு பாலிசியை விடாதீர்கள், மரமும் மண்சரிவும் உள்ள ஊர் நம்முடையது. காப்பீட்டு மதிப்பை 13 லட்சத்தை ஒட்டி வைத்தால் பிரீமியம் சற்றுக் குறையலாம். சின்னக் கீறலுக்கு கிளெய்ம் போடாமல் இருந்தால் முதல் வருடம் 20-ல் தொடங்கி 50 சதவீதம் வரை நோ கிளெய்ம் போனஸ் ஏறும், சொந்தச் சேதப் பிரீமியத்தில்.

அப்புறம், காருக்கென்று தனி சேமிப்புக் கணக்கு ஒன்று திறங்கள். ஒவ்வொரு சுற்றுக் காய்ப் பணம் வரும்போதும் கூலி, உரம், வீடு என்று பிரிப்பதுபோல 25,000 அதில் போடுங்கள். ஐந்து சுற்றில் 1,25,000. கூரை ஒழுகலும் கொச்சிக்கு ஏற்றிப்போகும் செலவும் திரும்ப வராவிட்டால் உங்கள் வருடச் செலவு இதற்குள் அடங்கும். ஒரு சுற்று பொய்த்தால் அந்த 25,000-ஐப் போடாதீர்கள், கார் அந்த மாதம் ஓடாமல் நிற்கட்டும். அந்தக் கணக்கில் இல்லாத பணத்தை, ஒரு டயருக்குக்கூட, வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள். பாஸ்புக்கை மனைவியிடம் கொடுங்கள். எடுக்கும்போது அவருக்கும் தெரியட்டும்.

கியர் பாக்ஸைச் சரிசெய்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் பாருங்கள். அந்தக் கணக்கு போதாமல் இன்னொரு பெரிய பழுது வந்தால், மறுபடி யோசிக்காமல் விற்றுவிடுங்கள். எப்படியும் 2030-ல் பதிவின் 15 ஆண்டு முடிகிறது, புதுப்பிப்பு, பசுமை வரி என்று வரும். அதற்கு இரண்டு வருடம் முன்பே விற்பது நல்லது, கடைசி வருடத்தில் வாங்குகிறவர் விலையை அடித்துக் கேட்பார். ஓடும் நிலையில், எல்லா பில்களையும் ஒரே ஃபைலில் வைத்து, மழை முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் காட்டுங்கள். கூரையைத் திறந்து மூடிக் காட்டும்போது உள்ளே ஈர வாடை இல்லாமல் இருந்தால் அந்தப் பதிமூன்றைக் கேட்டு வாங்க முடியும்.