மாடிப்படிக்குக் கீழே ஒரு சைக்கிள்

(வாசகர் கேள்வி பதில்)

பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். பள்ளி மூன்று கிலோமீட்டர்தான். வழியெல்லாம் லாரி, பஸ் என்பதால் பயந்துபோய் ஷேர் ஆட்டோவில் அனுப்புகிறேன். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிறது. அனுப்பலாமா அக்கா?
– ஒரு தாய், பெரம்பூர்

உங்கள் பயம் நியாயமானது அம்மா. மந்தைவெளியிலிருந்து ராயப்பேட்டைக்கு இருபத்தாறு வருஷமாகச் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். இன்றைக்கும் முதுகுக்குப் பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் தோள் இறுகிவிடுகிறது.

அனுப்புங்கள், ஆனால் நாளைக்கே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்களோ அவள் அப்பாவோ இன்னொரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு அவளோடு போய் வாருங்கள். அப்புறம் பள்ளி நேரத்திலேயே ஒரு தடவை. மெயின் ரோட்டில் மூன்று கிலோமீட்டர் என்றால் உள் தெருக்கள் வழியாக மூன்றரை ஆகலாம். ஆகட்டும், உள் தெருவிலேயே போகச் சொல்லுங்கள்.

நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டி ஓட்டக் கூடாது. திடீரென்று கதவு திறக்கும். ஒரு மீட்டராவது விலகிப் போக வேண்டும். பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழையவே கூடாது. பஸ் ஓரம் கட்டும்போதும் திரும்பும்போதும் அந்த மூலையில் யார் இருக்கிறார்கள் என்று டிரைவருக்குத் தெரியாது. மழைநீர் வடிகாலின் கம்பி மூடியைப் பார்த்து ஓட்ட வேண்டும். கம்பிகள் சாலை போகும் போக்கிலேயே இருந்தால் முன்சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். நான் அப்படித்தான் ஒரு மழை நாளில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். மூன்று தடவை அலைந்து மனு கொடுத்த பிறகு, குறுக்குக் கம்பி வைத்த மூடியாக மாற்றினார்கள். வேலை என்னவோ ஒரு மதியத்தில் முடிந்துவிட்டது. மார்கழி வந்தால் எனக்கு இன்னும் மணிக்கட்டு வலிக்கிறது.

இவ்வளவையும் ஒரு பதினாறு வயதுப் பெண் நினைவில் வைத்திருந்தால்தான் பத்திரமாகப் பள்ளிக்குப் போக முடியும் என்றால், தப்பு அவளிடம் இல்லை, தெருவில் இருக்கிறது. அதனால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய்ப் பேசுங்கள். பள்ளி இருக்கும் தெருவில் வண்டிகள் 30 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று கேளுங்கள். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் வண்டிகளோடு கலந்து போகும் இடங்களுக்கு, 2020-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாடு சொன்னதும் இதே 30 தான். பலகை மட்டும் வைத்தால் யாரும் வேகத்தைக் குறைக்க மாட்டார்கள். வாசலில் சாலையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கி, கடக்கும் இடம் அமைக்கச் சொல்லுங்கள்.

நான் விதிப்படி கார் ஓட்டுகிறவன். சைக்கிள்காரர்கள் எதிர்த்திசையில் வருகிறார்கள், விளக்கும் கிடையாது. எப்போதும் எங்களையே குறை சொல்வது சரியா?
– ஒரு வாசகர், அண்ணா நகர்

எதிர்த்திசையில் வருவது ஆபத்து, அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அவர்கள் ஏன் அப்படி வருகிறார்கள் என்றும் பாருங்கள். நடுத்தடுப்பை ஒரு கிலோமீட்டருக்கு அடைத்து வைத்திருக்கிறோம். கார் யூ டர்ன் போட்டு வர இரண்டு நிமிடம். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் ஒரு செக்யூரிட்டி அண்ணன் அந்தத் தூரத்தைக் கால் பலத்தில் மிதிக்க வேண்டும்.

60-ல் போகும் கார் மோதினால், 30-ல் போகும் கார் மோதுவதைப் போல நான்கு மடங்கு ஆற்றல் அந்த உடம்பில் இறங்குகிறது. தப்பு செய்தவருக்கும் உயிர் மிஞ்ச வேண்டும் இல்லையா? அதனால்தான் வேகத்தைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறேன். இன்னொன்றும் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். காரை நிறுத்தியதும் வலது கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். நெதர்லாந்தில் இப்படித்தான், கதவுக்குத் தள்ளி இருக்கும் கையால் திறக்கப் பழக்குகிறார்கள்.

சாலை ஓரத்தில் கோடு போட்டுச் சைக்கிள் படம் வரைந்தால் போதுமா?
– கல்லூரி மாணவி, கோவை

போதாது. பத்து நாளில் அங்கே கார்களும் தள்ளுவண்டிகளும் நிற்கும். சைக்கிளுக்கென்று இரண்டு மீட்டர் அகலமாவது, இடையில் கல் தடுப்போடு வேண்டும். முக்கியமாக, சந்திப்புகளில் அது அறுந்துபோகக் கூடாது. விபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள இடத்தில் பாதை முடிந்துவிட்டால், அதுவரை கூட்டிவந்து கைவிட்ட மாதிரிதான்.

சென்னை மாநகராட்சி 2014-லேயே மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான பணத்தில் 60 விழுக்காடு நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்பது அதன் இலக்கு. அதற்குப் பிறகு நடைபாதைகள் வந்தன. 2019-ல் பாண்டி பஜார் அகலமான நடைபாதையோடு மாறியதைப் பார்த்து மனம் நிறைந்தேன். சைக்கிளுக்கு அந்த அளவு நடக்கவில்லை என்பது தினமும் ஓட்டுகிற என் அனுபவம். நீங்கள் மாணவி, மனு எழுதத் தெரிந்தவர். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 198ஏ பிரிவைப் படியுங்கள். சாலையைத் தரப்படி அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டதால் உயிர் போனாலோ ஊனம் ஏற்பட்டாலோ, பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது.

நெதர்லாந்தின் சைக்கிள் கதையெல்லாம் குளிர்நாட்டுக்குச் சரி. நம் வெயிலுக்கு ஒத்துவருமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, அங்கேயும் சைக்கிளுக்கான பாதுகாப்பு தானாக வந்துவிடவில்லை. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்று பெற்றோர் தெருவுக்கு வந்த பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. வெயிலைப் பற்றிக் கேட்கிறீர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டு ஊர் ஊராகப் போனார்களே, அது என்ன குளிர்ப் பிரதேசமா? வெயிலுக்கு மரம் வேண்டும். சாலையை அகலப்படுத்த வெட்டிய மரங்களைத் திரும்ப நடச் சொல்வோம்.

அப்பா ஹோட்டலில் வேலை பார்க்கிறார். இரவு பதினொன்றரைக்கு மேல் சைக்கிளில் வருவார். அவர் வரும் வரை அம்மா தூங்குவதில்லை. என் சேமிப்பில் 300 ரூபாய் இருக்கிறது. என்ன வாங்கித் தரலாம்?
– எட்டாம் வகுப்பு மாணவன், வியாசர்பாடி

தம்பி, முதலில் பின்பக்கம் மாட்டும் சிவப்பு விளக்கு ஒன்று வாங்கு. மிச்சத்தில் ஒட்டுகிற ரிஃப்ளெக்டர் டேப். மட்கார்டில் கொஞ்சம், இரண்டு பெடலிலும் கொஞ்சம் ஒட்டு. பெடல் மேலும் கீழும் போவதால் அது ஒரு ஆள் என்று தூரத்திலேயே தெரியும். முன்விளக்குக்கு அப்பாவிடம் சொல், அவரே வாங்குவார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை இருட்டியதும் அப்பாவோடு அந்த வழியில் போய் எந்தெந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று பார். கம்பத்தில் எண் எழுதியிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு வந்து மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய். உன் புகாருக்கு அவர்கள் தரும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்.