மடக்குச் சவரக்கத்தியும் வீட்டிலுள்ள குழந்தைகளும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனார் இளமைக் காலந்தொட்டு மடக்குச் சவரக்கத்தியால்தான் முகம் மழிக்கிறார். மழித்து முடித்ததும் அதைக் கழுவி, குளியலறைக் கண்ணாடிக்கு மேலுள்ள பலகையில் வைத்துவிடுவார். எங்கள் மகனுக்கு ஒன்றரை வயது ஆகிறது. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நிற்கக் கற்றுக்கொண்டிருக்கிறான். கத்தியை வேறு இடத்தில் வைக்கலாமே என்று சொன்னால், “எட்டாத உயரத்தில்தானே இருக்கிறது” என்கிறார். அவர் மனம் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தவழும் குழந்தைக்கு உயரம் தடையாக இருக்கும், ஏறக் கற்றுக்கொண்ட குழந்தைக்கு அது தடையே அல்ல. உங்கள் மகன் வாளியைக் கவிழ்க்கிறான் என்றால், ஒன்றின்மேல் ஏறினால் மற்றொன்றை எட்டலாம் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். நாளை அந்த வாளியின் இடத்தில் நாற்காலியோ துணி துவைக்கும் இயந்திரமோ இருக்கும். ஆகவே “எட்டுமா, எட்டாதா” என்று பார்ப்பதை விட்டுவிட்டு, “பூட்டியிருக்கிறதா, இல்லையா” என்று பார்ப்பதே முறை.

இந்தக் கத்தியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மடித்து வைத்தால் மூடியதுபோல் தோன்றினாலும், அலகை மூடிய நிலையில் நிறுத்திவைக்க அதில் கொக்கியோ பூட்டோ கிடையாது. அலகும் பிடியும் சேருமிடத்திலுள்ள ஆணியின் இறுக்கம் ஒன்றே அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பல ஆண்டு புழங்கிய கத்தியில் அந்த ஆணி தளர்ந்திருக்கும்; தலைகீழாகத் தூக்கினாலே அலகு தானாகச் சரிந்து வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு, மிகக் கூர்மையான அலகு வெட்டும்போது உடனே வலி தெரிவதில்லை. கத்தரிக்கோலோ அரிவாள்மணையோ கையில் பட்டால் குழந்தை வீறிட்டு அழும், நாமும் ஓடிப்போவோம். சவரக்கத்தி பட்ட குழந்தையோ, இரத்தம் வழிவதைப் பார்க்கும்வரை அதை விடாமல் வைத்துக்கொண்டு விளையாடக்கூடும்.

இனி உங்கள் மாமனாரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு வருவோம். பேரனைக் காரணம் காட்டாமல் கத்தியைக் காரணம் காட்டிப் பேசிப் பாருங்கள். பழைய சவரக்கத்திகளில் பெரும்பாலானவை கார்பன் எஃகினால் ஆனவை. துருவேறாத எஃகைப்போல் அவை ஈரத்தைத் தாங்குவதில்லை. வெந்நீர் ஆவியும் ஈரக் காற்றும் நிறைந்த குளியலறையில் வைத்தால், மெல்லிய கூர்விளிம்பில்தான் துரு முதலில் புள்ளி புள்ளியாக அரிக்கத் தொடங்கும். அப்படி அரித்த இடம் முகத்தில் சுருக்கென்று இழுக்கும். ஒரு கத்தியை இத்தனை ஆண்டுகள் பேணிவந்தவருக்கு இது புதிய செய்தியாக இராது. கத்திக்கு உகந்த உலர்ந்த இடம் படுக்கையறை பீரோதான் என்பதை அவரே ஒப்புக்கொள்வார். பீரோவுக்குப் பூட்டு இருப்பது நமக்கு வசதியாகப் போகிறது.

ஆனால் பீரோவில் வைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைவதற்கு முன், அதன் சாவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதிக்கு மேல் அது பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், சில வீடுகளில் மணியும் பொம்மையும் கோத்த வளையத்தோடு. கத்தியைப் பீரோவுக்குள் இருக்கும் சிறிய லாக்கரில் வைத்து, அந்தச் சாவியை மட்டுமாவது தனியே பிரித்து, பெரியவர் தம்மிடமே வைத்துக்கொள்வது நல்லது. கத்தியை எங்கிருந்து எடுக்கிறார், எங்கே வைக்கிறார் என்பதைக் குழந்தை பார்க்காதிருப்பதும் முக்கியம். இந்த வயதில் அவர்கள் கற்பதெல்லாம் பார்த்துச் செய்வதன் மூலம்தான். தாத்தா நாள்தோறும் கன்னத்தில் வைத்து இழுக்கும் பளபளப்பான பொருளைத் தானும் கன்னத்தில் வைத்துப் பார்க்க அவன் விரும்புவதில் வியப்பில்லை. குழந்தையின் முகத்தில் சோப்பு நுரையைப் பூசி, பிளேடு இல்லாத ரேசரைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதைச் சில வீடுகளில் வேடிக்கையாகச் செய்கிறார்கள். எனக்கு அது சிறிதும் உடன்பாடில்லை. பிளேடு இருக்கிறதா இல்லையா என்பதை இரண்டு வயதுக் குழந்தை எப்படி அறியும்?

பூட்டி வைத்திருக்கும் நேரத்தைவிட, எடுத்ததற்கும் பூட்டியதற்கும் இடைப்பட்ட அரைமணி நேரமே அதிக ஆபத்தானது. பாதி மழிப்பில் தொலைபேசி ஒலிக்கிறது அல்லது வாசலில் யாரோ அழைக்கிறார்கள். கத்தி கைகழுவும் தொட்டியின் விளிம்பில் விரித்தபடி கிடக்கிறது. குளியலறைக் கதவை உட்புறம் தாழிட்டுக்கொண்டே மழிப்பதும், நடுவில் வெளியே வர நேர்ந்தால் கத்தியை மடித்து உறையிலிட்டு, கதவின் வெளிப்புற மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வருவதும் அவருக்குப் பழக்கமாக வேண்டும். மழித்து முடித்த பிறகு, கத்தி காயட்டும் என்று சன்னல் ஓரத்தில் விரித்து வைக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அது தேவையில்லை. மெல்லிய துணியால் முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, ஆணியைச் சுற்றித் தங்கிய நீரையும் ஒற்றியெடுத்து, தீட்டும் வாரின் துணிப் பக்கத்தில் சிலமுறை இழுத்தால் அலகு அப்போதே உலர்ந்துவிடும். அடுத்த மழிப்புக்குப் பல நாள் ஆகும் என்றால், தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயில் ஒரு துளியை அலகில் தடவி வைக்கலாம். தோல் உறை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதால், நீண்ட நாள் வைப்பதற்கு அது ஏற்றதன்று.

அந்த எண்ணெய்ப் புட்டியும் லாக்கருக்குள்ளேயே இருக்கட்டும். இத்தகைய மெல்லிய எண்ணெயைக் குழந்தை குடித்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கக்கூடும். அதனால்தான் அதைக் குடித்துவிட்ட குழந்தையை வாந்தியெடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். மழித்த பின் பூசும் ஆல்கஹால் கலந்த திரவத்துக்கும் பூட்டு வேண்டும். ஈரம் உறிஞ்சுவதற்காகப் பெட்டிக்குள் போடும் சிலிக்கா ஜெல் பொட்டலம் வெளியே விழுந்தால் குழந்தையின் தொண்டையை அடைக்கலாம். தீட்டும் வாரைச் சுவரில் தொங்கவிட்டிருந்தால் அதையும் எடுத்துச் சுருட்டி உள்ளே வையுங்கள். தொங்குவது எதையும் குழந்தை பிடித்து இழுக்காமல் விடாது.

கேள்வி: நான் முடிதிருத்தகம் நடத்துகிறேன். நடமாட முடியாத முதியவர்களுக்கு அவரவர் வீட்டுக்கே சென்று சவரம் செய்வதும் உண்டு. அதனால் அடைப்பம் (சவரக் கருவிகள் வைக்கும் பை) பெரும்பாலும் என் வீட்டில்தான் இருக்கும். மூன்று வயதிலும் ஆறு வயதிலும் இரு குழந்தைகள் உள்ளனர். இப்போது பிளேடு மாற்றும் கத்தியைத்தான் பயன்படுத்துகிறேன். அது பழைய கத்தியைவிடப் பாதுகாப்பானதுதானே?
— ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: வாடிக்கையாளருக்குப் பாதுகாப்பானது, உங்கள் குழந்தைகளுக்கு அல்ல. ஆளுக்கொரு புதிய பிளேடு என்பதால் மஞ்சள் காமாலை பி, சி வகைகளும் எச்.ஐ.வி.யும் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு குறைகிறது. ஆனால் வீட்டைப் பொறுத்தவரை, ஒரே ஒரு கூர்மையான பொருள் இருந்த இடத்தில் இப்போது கத்தி, புதிய பிளேடு, கத்தியில் செருகுவதற்காக இரண்டாக முறித்த பிளேடின் மிச்சப் பாதி, பயன்படுத்திய பாதி என நான்கு சேர்ந்துவிட்டன. அவற்றுள் கடைசியானது அடுத்தவர் இரத்தம் பட்டது என்பதால், அதனால் உண்டாகும் கீறல் சிறியதாக இருந்தாலும் அலட்சியம் செய்யக்கூடியதன்று.

எனவே அடைப்பம் உங்கள் வீட்டுக்குள் வரும்போது கத்தியில் பிளேடு இருக்கக்கூடாது. முதியவரின் வீட்டிலேயே அதைக் கழற்றி, கையோடு கொண்டுபோகும் சிறிய தகர டப்பாவில் போட்டுவிடுங்கள். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருந்து, மூடியின் விளிம்பு முழுவதும் பசையால் ஒட்டப்பட்ட டப்பாவாக அது இருக்கவேண்டும். போட்டதைத் திரும்ப எடுக்க உங்களாலேயே முடியாதிருப்பதுதான் அதன் சிறப்பு. டப்பா நிறைந்தால் கீறலையும் அடைத்து, மேலே “பிளேடு” என்று எழுதித் தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். குப்பைப் பையில் உதிரியாகக் கிடக்கும் பிளேடு அவர்கள் கையைத்தான் கிழிக்கும்.

அமெரிக்காவில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் கட்டிய பல வீடுகளில், குளியலறை மருந்து அலமாரியின் பின்பக்கத்தில் சிறு துளை ஒன்று விட்டிருப்பார்கள். பழைய பிளேடை அதில் போட்டால் அது சுவருக்குள்ளே விழுந்துவிடும். இன்று அந்தச் சுவர்களை இடிப்பவர்கள் துருப்பிடித்த பிளேடுக் குவியலைக் கண்டு திகைக்கிறார்கள் என்றாலும், குழந்தை கைக்கு எட்டாமல் செய்யும் நோக்கத்தில் அது சோடைபோகவில்லை. நாமோ பழைய பிளேடைக் கூரை இறவாணத்திலும் சன்னல் சட்டத்திலும் நாள்காட்டி அட்டைக்குப் பின்னாலும் செருகி, தையல் பிரிக்கவும் பென்சில் சீவவும் உதவுமென்று வைத்துக்கொள்கிறோம்.

அடைப்பத்துக்கு வருவோம். பையின் பல்லிழுப்பானை (ஜிப்) மூன்று வயதுக் குழந்தை எளிதில் திறந்துவிடும். கடைகளில் பணம் வைக்கும் சிறிய இரும்புப் பெட்டி ஒன்றை வாங்கி, கத்தி, கத்தரிக்கோல், பிரிக்காத பிளேடு உறைகள் ஆகியவற்றை அதில் பூட்டி வையுங்கள். சீப்பும் துண்டும் பையில் இருந்தால் போதும்.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா பயன்படுத்திய, சோலிங்கன் என்று (கத்திகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மன் நகரம்) பொறித்த சவரக்கத்தியைக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் நினைவுப்பொருளாக வைத்திருக்கிறோம். பல பத்தாண்டுகளாகத் தீட்டாததால் மழுங்கித்தான் இருக்கும். இதற்கும் அவ்வளவு கவனம் தேவையா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: தேவை. முகம் மழிக்க உதவாத அளவுக்கு மழுங்கிய கத்தியும் குழந்தையின் மெல்லிய தோலை எளிதில் கிழித்துவிடும். கூடத்துக் கண்ணாடி அலமாரிகளின் சறுக்குக் கதவுகளுக்கென்றே சிறு பூட்டுகள் இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன, ஒன்றை மாட்டிவிடுங்கள். கண்ணாடியே உடையக்கூடியது என்பதால், குழந்தை பெரியவனாகும் வரை கத்தியின் படத்தைச் சட்டமிட்டு அங்கே வைத்துவிட்டு, கத்தியைப் பூட்டுக்குள் வைப்பதையே நான் விரும்புவேன். சிலர் அலகின் விளிம்பைக் கண்ணாடிப் புட்டியின் மேல் செங்குத்தாக வைத்து இழுத்து வேண்டுமென்றே மழுக்கிவிடுகிறார்கள். மீண்டும் பயன்படுத்தும் எண்ணம் இல்லையென்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனாலும் அலகின் முனை கூர்மையாகவே இருக்கும் என்பதால் பூட்டு அப்போதும் வேண்டும்.

அந்தக் கத்தியின் பிடி தந்தம்போல் தோற்றமளித்தால் அது செல்லுலாய்டாகவும் இருக்கலாம். அப்படியானால் அது எளிதில் தீப்பற்றக்கூடியது. நாளடைவில் சிதைந்து அமில ஆவியை வெளியிட்டு, அருகிலுள்ள அலகுகளையும் துருப்பிடிக்க வைக்கும். காற்றுப் புகாத பெட்டியில் மற்றக் கத்திகளோடு சேர்த்து அதை அடைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. மறைத்து வைப்பதால்தான் ஆர்வம் கூடுகிறது என்று என் மனைவி கருதுகிறாள். கத்தியைக் காட்டி விளக்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாராளமாகக் காட்டலாம். நீங்கள் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு தாளையோ தக்காளியின் தோலையோ அழுத்தாமலே அது எப்படி வெட்டுகிறது என்று காட்டினால் நீண்ட அறிவுரை தேவைப்படாது. ஆனால் விளக்கிவிட்டோம் என்பதற்காகப் பூட்டை எடுத்துவிடாதீர்கள். எட்டு வயதுப் பையனுக்குத் தம்பியோ பக்கத்து வீட்டு நண்பனோ இருப்பான். தான் கற்றதை அவர்களுக்குச் செய்து காட்ட அவன் ஆசைப்படுவான்.

கேள்வி: இவ்வளவுக்குப் பிறகும் குழந்தையின் கையில் வெட்டுப்பட்டுவிட்டால் முதலில் என்ன செய்யவேண்டும்?
— ஒரு வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: சுத்தமான துணியை வெட்டின்மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வையுங்கள். இரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் விடாமல் அழுத்தவேண்டும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு ஆகியவற்றை அப்புவது காயத்தில் அழுக்கை ஏற்றுவதோடு, வெட்டின் ஆழத்தைப் பார்க்க முடியாமல் மருத்துவருக்கும் இடையூறாகும். சிறிய காயமென்றால் ஓடும் நீரில் கழுவிக் கட்டினால் போதும்.

இரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய் திறந்து நின்றாலும், முகத்திலோ கழுத்திலோ பட்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்தம் பீறிட்டு வந்தால் 108-ஐ அழைத்துவிடுங்கள். இரத்தம் நின்றுவிட்டாலும் குழந்தையால் விரலை மடக்கவோ நீட்டவோ முடிகிறதா என்று கவனிக்கவேண்டும். முடியவில்லை என்றால் உள்ளே தசைநாண் அறுந்திருக்கக்கூடும். அது கட்டுப்போட்டு ஆறவிடும் காயமன்று. தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நம் தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி ஒன்றரை, மூன்றரை மாத வயதுகளுக்கு இடையில் மூன்று தவணைகளும், 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்றும், ஐந்து வயது நிறைந்ததும் ஒன்றுமாக டெட்டனஸ் தடுப்பு மருந்து பிற ஊசிகளோடு சேர்த்தே போடப்படுகிறது. அவை விடுபடவில்லை என்றால், மேற்கொண்டு ஊசி தேவையா என்பதை மருத்துவர் அந்த அட்டையைப் பார்த்துச் சொல்வார். அடுத்தவருக்குப் பயன்படுத்திய பிளேடால் பட்ட காயம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். அதற்கான தடுப்பு மருந்துகளைச் சில மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும்.

கேள்வி: பண்டிகைக்கு உறவினர் வீட்டுக்குச் செல்லும்போது சவரக்கத்தியைக் கொண்டுபோகலாமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: அங்கே உங்கள் பையைத் திறந்து பார்க்க எத்தனை குழந்தைகள் காத்திருப்பார்கள் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள். கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்றால் எண்பூட்டு உள்ள பெட்டியில் வையுங்கள், மழித்து முடித்ததும் ஈரத்துண்டோடு சேர்த்துக் குளியலறையில் விட்டு வராதீர்கள். விமானத்தில் செல்பவராக இருந்தால், கைப்பையில் அதற்கு அனுமதி இல்லை. சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில்தான் வைக்கவேண்டும். நான்கு நாள் பயணத்துக்கு ஊரிலுள்ள முடிதிருத்தகத்துக்குப் போய்வருவதே எளிது என்பது என் கருத்து.