நவகண்டம் என்று சொல்லலாமா?

கேள்வி: எங்கள் சங்க விழாவில் பேசியவர், "தில்லையாடி வள்ளியம்மை இந்த மண்ணில் நவகண்டம் கொடுத்தாள்" என்றார். பலத்த கைதட்டல். உயிரைக் கொடுப்பதற்கு அந்தச் சொல் பொருந்துமா?
- ஒரு வாசகர், லெனேசியா, தென்னாப்பிரிக்கா

பதில்: பொருந்தாது. கைதட்டியவர்களும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும்.

உடம்பில் ஒன்பது இடத்துச் சதையைத் தானே அரிந்து, கடைசியில் தலையையும் அறுத்துக் கொற்றவைக்குப் படைப்பதுதான் நவகண்டம். அரசன் போரில் வெல்ல வேண்டும் என்பதுபோன்ற வேண்டுதலுக்காகச் செய்தார்கள். நெல்லூர்ப் பக்கம் மல்லத்தில் உள்ள பல்லவர் காலக் கல்வெட்டு, அப்படித் தலை கொடுத்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறது. மாமல்லபுரம் திரௌபதி ரதத்துக்குள்ளும் கொற்றவையின் காலடியில் அப்படி ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். கத்தி அவன் கையிலேயே இருக்கிறது. சாவுதான் அங்கே படையல்.

வள்ளியம்மை சாகப் போனவள் இல்லை. கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணம் செல்லாது என்று 1913இல் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றம் சொன்னது. நம் தாய்மார்களின் தாலிக்கே மதிப்பில்லை என்றான பிறகு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியாமல், காந்தியின் சத்தியாகிரகத்தில் போராடப் போனாள். மாரிட்ஸ்பர்க் சிறையில் கடுங்காவல். காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22இல் இறந்தாள். வயது 16.

படுக்கையில் கிடந்தவளிடம், சிறைக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று காந்தி கேட்டார். இப்போது கைது செய்தாலும் போகத் தயார் என்றாள். செத்துப்போனால்? நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் விருப்பமிருக்காது என்றாள். பேச்சாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். சரி, ஆனால் சாவுக்கு அஞ்சாதது வேறு, சாவையே காணிக்கையாக்குவது வேறு.

எனக்குக் கோபம் வருவது இன்னொன்றுக்காக. நவகண்டம் என்றதும் கத்தி அவள் கைக்கே போய்விடுகிறது. சிறையில் அடைத்த அரசாங்கம் தப்பித்துவிடுகிறது. அவளுக்கு முன்பே சத்தியாகிரகத்தில் சிறைபோன நாகப்பனை நினைத்துப் பாருங்கள். 18 வயதுப் பையனைக் குளிர்காலத்தில் சாலை வேலைக்கு விரட்டினார்கள். விடுதலையாகிச் சில நாட்களில், 1909 ஜூலை 6இல், நிமோனியாவில் போய்விட்டான். அதை அவனே செய்துகொண்டான் என்று யாராவது சொல்வார்களா?

தியாகம் என்ற சொல்லே போதும். பழைய வழக்கில் அதற்குக் கொடை என்றே பொருள். விக்கிரம சோழனுக்குத் 'தியாகசமுத்திரம்' என்று பட்டம். உயிரைக் கொடுத்தவர்களுக்கும் அந்தச் சொல்லில் தாராளமாக இடம் இருக்கிறது.

வள்ளியம்மை, நாகப்பன் இருவருக்கும் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபொன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் நினைவுக்கல் இருக்கிறது. உங்கள் ஊரிலிருந்து தூரமில்லை. அடுத்த விழாவுக்கு முன் பேச்சாளரை அங்கே கூட்டிப்போங்கள்.